நடுகல்லில் இருப்பது சீருடையா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து நடுகற்களைக் காட்டி, "எல்லாரும் ராஜாவின் படைவீரர்கள், ஒரே மாதிரி உடை போட்டிருக்கிறார்களே, அதுதான் அந்தக் காலத்துச் சீருடை" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வரிந்து கட்டிய கச்சை, இடையில் குறுவாள், அள்ளி முடிந்த கொண்டை, கையில் வில்லும் வாளும். ஒற்றுமை உண்மைதான். சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஷிஃப்ட் மாறும்போது நிற்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சீருடையாகவே படும்.

ஆனால் நடுகல் செத்தவனின் நினைவாக நட்ட கல்; அவன் யார் என்று அதிலேயே படிக்கலாம். இந்த வட்டாரத்தின் பழைய கற்களில் பல தொறுப்பூசலைச் சொல்பவை: மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டை. பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காத்து விழுந்திருக்கிறான். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் அந்தக் கல்லில் பெயரும் உருவமும் உண்டு. நாய்க்குக் கொடுத்த மரியாதையைப் பாருங்கள்! எருமைக்காகச் செத்தவனுக்கும் ஆயுதம் ஏந்திய அதே கோலம்தான்.

புலிக்குத்திக்கற்கள் இன்னும் தெளிவு. கச்சையும் கொண்டையுமாக ஒருவன் புலியைக் குத்துகிறான். எந்த அரசனின் படை புலியோடு போருக்குப் போனது?

இந்த எல்லை மண் பல்லவர், கங்கர், நுளம்பர், சோழர், ஹொய்சளர் என்று கைமாறியபடியே இருந்தது. படைச் சீருடை என்றால் கொடி மாறும்போது உடையும் மாறியிருக்க வேண்டும். பிற்காலக் கற்களில் அணிகலன் கூடுகிறது, குதிரை வருகிறது. ஆனால் அது சிற்பியின் காலத்தைக் காட்டும் மாற்றம். செத்தவனை வீரனாக நிறுத்தச் சிற்பியின் கையில் ஒரு வடிவம் இருந்தது. முக ஒற்றுமையைக்கூட அவன் தேடவில்லை.

கருவூலம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் சீருடை இங்கே பளிச்சென்று தெரிவது 18ஆம் நூற்றாண்டில்தான். மைசூர்ப் போரின்போது, 1791இல், ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டைகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிவப்புக் கோட்டில் வந்தது. திப்புவின் சிப்பாய்கள் புலிவரித் துணி உடுத்தியிருந்தார்கள். அந்தப் போரில் பணியாற்றிய கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சியை 1816இல் தாமஸ் ஹிக்கி வரைந்தார். சிவப்புக் கோட்டில் அவர்; சுற்றிலும் இந்திய உதவியாளர்கள் மூவர், ஒருவர் கையில் தொலைநோக்கி. இங்கே உடை நிச்சயமாகச் சீருடை. அப்போதும் அது சொல்வது அவர் யாருடைய ஆள் என்பதை மட்டும்தான். அவர் பெயரை நிலைநிறுத்திய நில அளவையும் சுவடிச் சேகரிப்பும் தெரிய, உடையை விட்டுவிட்டு அந்தத் தொலைநோக்கியையும் மூவரையும்தான் பார்க்க வேண்டும்.