செவிக்கு ஒரு கதவு

"மாதச் செலவுக்கே ஊரிலிருந்து பணம் வர வேண்டியிருக்கிறது, இதில் காதுக்கு நகை வேறா?" என்று சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் புதிதாக வாங்கியிருந்த ஹெட்போனைப் பார்த்துத்தான் இந்தக் கேள்வி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகு, அதற்கு ஒழுங்கான விடை சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த விடைதான் இக்கட்டுரை.

புற இரைச்சலைத் தணிக்கும் ஹெட்போனைப் பற்றிப் பேசுகிறேன். 'இரைச்சல் தணிப்பான்' என்று அதற்கு நல்ல தமிழில் பெயர் வைத்துப் பார்த்தேன்; நண்பர்கள் இருமல் மருந்து என்று நினைத்தார்கள். ஆகவே ஹெட்போன் என்றே எழுதுகிறேன்.

மயூர் விஹாரிலிருந்து நாள்தோறும் பல்கலைக்கழகத்துக்கு மெட்ரோவில் வருகிறேன். ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும். அங்கிருந்து விஸ்வவித்யாலயா நிலையம் வரை வண்டி நிலத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. சக்கரத்தின் ஓசை வெளியே போக வழியின்றிச் சுரங்கச் சுவரில் மோதிப் பெட்டிக்கே திரும்பி வருகிறது. அப்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பாட்டின் ஒலியைக் கூட்டுகிறோம். படியேறி மேலே வந்த பிறகுதான், அதே பாட்டு காதைப் பிளக்கிறது என்பதை உணர்கிறோம். சென்ற ஆண்டு, விடுமுறைக்கு ஊர் போய் இறங்கிய அன்று இரவு முழுவதும் என் காதில் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை கேட்டது. மறுநாள் நின்றுவிட்டது. ஆனால் அச்சம் நிற்கவில்லை.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. என் தந்தை பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிப்பட்டறையின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். முப்பது ஆண்டுகள் அந்த இரைச்சலில் நின்றவருக்கு இன்று என் தாயின் குரல் அடுத்த அறையிலிருந்து கேட்பதில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுகிறவர்கள். அது கோபம் என்று விருந்தினர் நினைப்பார்கள். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அப்பா கூலிக்காகச் செவியைக் கொடுத்தார். நானோ பொழுதுபோக்குக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

கணக்கைப் பாருங்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரமே மிஞ்சும். எனக்குப் போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த அளவில் கேட்டேனாகில், ஒரு வாரத்துக்குரிய பங்கு செவ்வாய்க்கிழமை மாலையோடு தீர்ந்துவிடும். புதன்கிழமை முதல் கடன்தான்; அந்தக் கடனை அடைக்க வழி கிடையாது.

ஆகவே என் கருத்து இது: இரைச்சல் தணிக்கும் ஹெட்போனை நல்ல இசை கேட்பதற்காக வாங்க வேண்டாம். ஒலியைக் குறைத்துக் கேட்பதற்காக வாங்குங்கள். அந்த ஒரு நோக்கத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விகள் தாமே எளிதாகிவிடும்.

இக்கருவி வேலை செய்யும் விதம் பௌதிக மாணவர்க்குப் பழைய பாடம். இரண்டு அலைகள் சந்திக்கும்போது ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தோடு பொருந்தினால் இரண்டும் அடங்கும். ஹெட்போனில் உள்ள சிறு மைக் வெளி ஒலியைக் கேட்கிறது. கருவி அதன் தலைகீழ் அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. இந்த எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூயெக் 1936-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைச் செய்து முடிக்கத்தக்க மின்னணுக் கருவிகள் அன்று இல்லை. 1978-இல் விமானத்தில் பறந்துகொண்டிருந்த பேராசிரியர் அமர் போஸ், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலே மிகுதியாகக் கேட்டதால், இருக்கையிலேயே தாளை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அவர். விமானிகளுக்கான கருவியை அவர் நிறுவனம் 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணிகளுக்கு 2000-இல் கிடைத்தது. அன்று செல்வர் வீட்டுப் பொருள். இன்று இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கே கிடைக்கிறது.

இக்கருவியால் எல்லா ஒலியையும் அடக்க முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அது நிதானமாக வருகிறது. எதிர் அலையை உண்டாக்க நேரம் இருக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை; கருவி விழித்துக்கொள்ளுமுன் கடந்துவிடும். அதனால் ரயிலின் உறுமல் அடங்கும். பக்கத்துக் குழந்தையின் அழுகை அடங்காது. அந்தக் கூரிய ஒலிகளைத் தடுப்பது காதை மூடும் ரப்பர் முனையும் மெத்தையுமே. கதவு சரியாகச் சாத்தாத வீட்டில் காவல்காரன் இருந்து என்ன பயன்?

இனி, கடைக்குப் போவோம்.

முதல் எச்சரிக்கையை நான் பணம் கொடுத்துக் கற்றேன். அட்டைப்பெட்டியில் 'ஈ.என்.சி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றை, இரைச்சல் தணிப்பது என்று நம்பி முன்பு வாங்கினேன். மெட்ரோவில் மாட்டிப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் தெரிந்தது: ஈ.என்.சி. என்பது தொலைபேசியில் நாம் பேசும்போது நம்மைச் சூழ்ந்த இரைச்சல் மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்காமல் செய்வது. நம் காதுக்கு வேண்டியது ஏ.என்.சி. ஓர் எழுத்துதான் வேறுபாடு. எனக்கு அதற்கு ஆன செலவு ஒரு மாதத்துக் காலை உணவு.

இரண்டாவது, டெசிபல் விளம்பரம். "50 டெசிபல் வரை தணிக்கும்" என்பார்கள். அதில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை' என்பதே. ஏதோ ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணில் கிடைத்த உச்ச அளவை அச்சிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடுவது, ஒரே ஒரு தாளில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து மாணவனை அளப்பது போன்றது.

மூன்றாவதும் முதன்மையானதும் பொருத்தம். பெட்டியில் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாட்டிப் பாருங்கள். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. தாடையை அசைத்தாலும் நழுவாமல் நிற்பதே உங்களுக்குரியது. பொருந்தாத பத்தாயிரம் ரூபாய்க் கருவியைவிடப் பொருந்தும் இரண்டாயிரம் ரூபாய்க் கருவி மேலானது. காதை முழுவதும் மூடும் பெரிய வகை நெடுந்தூர ரயிலுக்குச் சுகம்; ஆனால் தில்லியின் மே மாதத்தில் வியர்த்துக் கொட்டும். ராஜீவ் சௌக் நெரிசலில் தனித்தனியாக இருக்கும் சிறு வகை விழுந்தால் தேட முடியாது. கழுத்தில் தொங்கும் வகை அழகில் குறைந்ததாயினும், இந்த நெரிசலுக்கு அதையே நான் தேர்ந்தேன்.

நான்காவது, சோதனை. வாங்குமுன் அதே வகையை நண்பரிடம் இரவல் பெற்று ஒரு நாள் மெட்ரோவில் கொண்டு போங்கள். சுரங்கத்தில் ஓர் உரையைக் கேளுங்கள். தணிப்பை அணைத்துவிட்டு, சொற்கள் புரியும் வரை ஒலியைப் படிப்படியாகக் கூட்டி, எத்தனை படி என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தணிப்பைப் போட்டு அவ்வாறே செய்யுங்கள். எனக்குப் பன்னிரண்டு படி ஏழாகக் குறைந்தது. அந்த ஐந்து படிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன். படி குறையவில்லையென்றால் வாங்க வேண்டாம்.

ஊர் செல்லும் ரயிலுக்கு ஒரு சொல். இரண்டு இரவுப் பயணத்தில், தணிப்பைப் போட்டால் மின்கலம் விரைவில் தீரும். அந்த நிலையில் எத்தனை மணி நேரம் வரும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். படுக்கை வகுப்பில் சன்னல் திறந்திருந்தால் காற்று மைக்கில் மோதிப் புயல்போல் இரையும். அங்கே தணிப்பை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாயிரமும் இயலாத நண்பர்க்கு வெட்கமின்றிச் சொல்லுவேன்: மருந்துக் கடையில் சில பத்து ரூபாய்க்குப் பஞ்சுபோல் மென்மையான ஃபோம் காதடைப்பான் கிடைக்கும். பாட்டு வராது, ஆனால் சரியாகச் செருகினால் செவிக்கு அது தரும் காவல் குறைந்ததன்று. உறங்கிக்கொண்டே ஊர் போக அதுவே போதும்.

கதவு என்றால் திறக்கவும் வேண்டும். சாலையைக் கடக்கும்போதும், நடைமேடையிலும், தண்டவாளத்தின் அருகிலும் ஹெட்போன் காதில் இருக்கக்கூடாது. எதிர் இருக்கைப் பெரியவர் "தம்பி எந்த ஊரு?" என்று கேட்கும்போதும் இருக்கக்கூடாது. இவ்வளவு தொலைவில் தமிழில் ஒரு கேள்வி வருவதே அரிது. அதைத் தணித்துவிடுவதற்கா இத்தனை விஞ்ஞானம்?

சென்ற பொங்கலுக்கு ஊர் போனபோது அப்பாவுக்கு ஓர் உறை நிறையக் காதடைப்பான் கொண்டு போனேன். கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "காதை அடைச்சுக்கிட்டா நூலு அறுந்தது எப்படித் தெரியும் கண்ணு?" என்றார். தறியின் நலத்தைக் காதால் அறிகிறவர் அவர். ஒரு நாள் வைத்துப் பாருங்கள் என்று வேண்டிக்கொண்டேன். மாலையில் வந்தவர், "தறிச் சத்தம் கேக்குது, தலைவலிதான் காணோம்" என்றார். இழந்தது திரும்பாது, மிச்சமிருப்பதேனும் நிற்கட்டும்.

காதுக்கு நகை எதற்கு என்று கேட்ட நண்பருக்கு இதுவே என் விடை. நகையை வேண்டும்போது அடகு வைத்து மீட்கலாம். செவியை மீட்டுத் தரும் கடை எந்த ஊரிலும் இல்லை.