பூட்டிக் கிடக்கும் ஆய்வகமும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

எங்கள் குடியிருப்பில் வேலைக்கு வரும் அம்மாவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன வாரம் இயற்பியலில் சந்தேகம் கேட்க வந்தாள். நிறமாலைமானி சோதனையைக் கேட்டேன். சிறும திசைமாற்றக் கோணம், முப்பட்டகத்தை எப்படி வைப்பது, வாய்பாடு என்று எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தாள். "கருவியைத் தொட்டுப் பார்த்திருக்கியாம்மா?" என்றேன். "எங்க ஸ்கூல்ல ஒண்ணுதான் மிஸ் இருக்கு. ஸ்க்ரூ போயிடுச்சுன்னு பீரோல வெச்சுட்டாங்க. படத்துல பார்த்திருக்கேன்" என்றாள்.

அவள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் நான் வேலை பார்த்த பள்ளி. கடைசியாக நான் இருப்புப் பதிவேடு சரிபார்த்தபோது அங்கே ஆறு நிறமாலைமானிகள் இருந்தன. அறிவியல் பிரிவில் இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். வாரத்தில் மூன்று நாள் ஆய்வகம் பூட்டியே கிடக்கிறது என்று அங்கே இருக்கும் என் தோழி சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பள்ளிகள் வசதிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது புது யோசனை இல்லை. 1964ல் டி.எஸ். கோத்தாரி தலைமையில் ஒரு கல்விக் குழு போட்டார்கள். அவரும் இயற்பியல்காரர்தான். 1966ல் வந்த அறிக்கையில் 'பள்ளி வளாகம்' என்று ஒன்றைச் சொன்னார்கள். ஒரு உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள சிறிய பள்ளிகளையும் ஒரு குழுவாகச் சேர்ப்பது, ஆய்வகம், நூலகம், ஆசிரியர் அனுபவம் எல்லாவற்றையும் அதற்குள் பங்கிட்டுக்கொள்வது. நாங்கள் பி.எட். படிக்கும்போது பத்து மார்க் கேள்வியாக எழுதிவிட்டு மறந்த விஷயம். 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும் அதே யோசனை வருகிறது. ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பள்ளிகளைச் சேர்ப்பது, ஒரு அரசுப் பள்ளியையும் ஒரு தனியார் பள்ளியையும் ஜோடி சேர்ப்பது என்று இருக்கிறது. (அந்தக் கொள்கையின் பெயரை எடுத்தாலே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சண்டை நடக்கும். மொழி விஷயத்தில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இந்த ஒரு யோசனை அறுபது வருஷப் பழசு, யாருடைய சொத்தும் இல்லை.)

தெப்பக்குளத்தில் கவராயத்தை ஊன்றி ஐந்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் திருவல்லிக்கேணி, தி.நகர், அடையாறு எல்லாம் உள்ளே வந்துவிடும். எனக்கு அவ்வளவு பெரிய வட்டம் வேண்டாம். ஒரு பிள்ளை ஆசிரியரோடு நடந்து போய்த் திரும்பும் தூரம் போதும். அந்தத் தூரத்துக்குள்ளேயே இங்கே மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றும் இருக்கின்றன. பிளஸ் டூவுக்கு மூன்றிலும் ஒரே புத்தகம், ஒரே சோதனைகள்.

நம் ஊரில் குறுவள மையம், வட்டார வள மையம் எல்லாம் உண்டு. அங்கே ஆசிரியர்கள் கூடுகிறோம், பயிற்சி எடுக்கிறோம். பிள்ளைகளும் கருவிகளும் மட்டும் அவரவர் சுவருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

"அதெல்லாம் நடைமுறைக்கு வராது டீச்சர்" என்று சொல்பவர்களை ஒன்று கேட்கிறேன். மார்ச் மாதம் என்ன நடக்கிறது? பொதுத்தேர்வுக்கு ஒரு பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு பள்ளியில் போய் உட்காருகிறார்கள். பெஞ்சு யாருடையது, குடிதண்ணீர் யார் வைப்பது, கழிப்பறைச் சாவி யாரிடம் என்று ஒருவரும் தகராறு செய்வதில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி ஆசிரியர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து திருத்துகிறோம், டப்பாவைத் திறந்து எலுமிச்சம் சாதம் பங்கு போட்டுக்கொள்கிறோம். மார்ச்சில் திறக்கும் கதவு ஜூலையில் ஏன் திறக்காது? மார்ச்சில் எழுத்தில் உத்தரவு இருக்கிறது. இன்ன அறைக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் இருக்கிறது. ஜூலையில் இரண்டும் கிடையாது.

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் ஆல்பனியில் இருக்கிறாள். அந்த நியூயார்க் மாநிலத்தில் 1948லேயே இதற்கென்று ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். 'போசீஸ்' என்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சின்ன ஊரும் தனிப் பள்ளி மாவட்டம். கார் பழுதுபார்ப்பது, நோயாளி பராமரிப்பு போன்ற தொழிற்பாடங்களையும் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான வகுப்புகளையும் ஒரு ஊர் தனியாக நடத்தினால் கட்டுப்படியாகாது. அதனால் பல மாவட்டங்கள் சேர்ந்து பொதுவாக நடத்துகின்றன. இப்போது 37 போசீஸ் இருக்கின்றன. தொழிற்பாடம் எடுத்த பிள்ளை அரை நாள் சொந்தப் பள்ளியில், அரை நாள் பொது மையத்தில். எந்த மாவட்டம் எவ்வளவு பயன்படுத்துகிறதோ அவ்வளவு பணம் கட்டும், அதில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பிக் கொடுக்கும். நான் கவனித்தது இதுதான்: அந்தப் பிள்ளையின் பெயர் அதன் சொந்தப் பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கிறது. எந்தப் பள்ளியையும் இன்னொன்று விழுங்கவில்லை. (நியூயார்க் நகரம் அதில் சேரவில்லை. பெரிய ஊர்க்காரர்கள் எங்கேயும் தனி!)

இனி என் கதை. 1994 ஜூலை. பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலி. அந்தத் தலைமையாசிரியை எங்கள் தலைமையாசிரியையைப் பார்க்க வந்தார். இரண்டு பேரும் காபி குடித்தபடியே முடிவு செய்துவிட்டார்கள், ஒரு காகிதம் எழுதவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு பெண்கள் வருவார்கள், நான் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போது 200க்கு 50 மார்க் செய்முறைக்கு. முதல் நாள் ஒருத்தியும் ஸ்டூலில் உட்காரவில்லை, சுவரோரமாக நின்றார்கள். மூன்றாவது வாரம் மீட்டர் பாலத்துக்கு யார் முதலில் என்று அடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் பதினொருவரும் தேறினார்கள்.

மறு வருஷம் அடுத்த குழுவும் வந்தது. ஒரு திங்கட்கிழமை ஒரு கால்வனோமீட்டர் வேலை செய்யவில்லை. சனிக்கிழமை அந்தப் பெண்கள் பயன்படுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் பிள்ளைகளும் பயன்படுத்தியிருந்தார்கள். யார் கெடுத்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் சந்தேகம் ஒரு பக்கம்தான் போனது. பெற்றோர் சிலரும் "அந்தப் பிள்ளைங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். வெளி மாணவிகளுக்கு அனுமதி இல்லை என்று நிர்வாகத்திலிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. நான் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கால்வனோமீட்டர் விலையை என் சம்பளத்திலிருந்தே கட்டியிருக்கலாம்.

முதல் குழுவில் இருந்த இரண்டு பேர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள். இரண்டாவது குழுவில் ஒருவர்கூட இங்கே இல்லை.

சக ஆசிரியர்களின் பயத்தையும் சொல்ல வேண்டும், அது நியாயமான பயம். நம்மிடம் ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நிர்ணயமாகிறது. இன்று ஆய்வகத்தைப் பகிர்ந்தால் நாளை "ஒரே இடத்தில் படிக்கட்டுமே" என்பார்கள், மறுநாள் ஒருவர் 'உபரி', அதற்கு மறு வருஷம் ஒரு பள்ளிக்குப் பூட்டு. பகிர்வு வேறு, இணைப்பு வேறு. வருகைப் பதிவும் எண்ணிக்கையும் அவரவர் பள்ளியிலேயே இருக்கும் என்று உத்தரவின் முதல் வரியிலேயே எழுதினால்தான் ஆசிரியர்கள் நம்புவார்கள். உடைந்தால் யார் கட்டுவது என்பது இரண்டாவது வரி.

இதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உதவி பெறும் பள்ளியில் எனக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். அந்தப் பதினொரு பெண்களின் அப்பாக்கள் கட்டிய வரியும் அதில் உண்டு. தவிர, கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடக்கலாம். பல மாநகராட்சிப் பள்ளிகளில் நல்ல மைதானம் இருக்கிறது. தி.நகரில் சில பள்ளிகளில் பிள்ளைகள் ஓட இடமில்லாமல் மாடிப்படியில் டிரில் செய்கிறார்கள். கோட்டூர்புரத்தில் 1988ல் பிர்லா கோளரங்கம் வந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கும் தனியாக ஒன்று வேண்டும் என்று எந்தப் பள்ளியாவது கேட்டதா? வரிசையில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

என் பழைய பள்ளியில் இப்போது இருக்கும் தலைமையாசிரியையிடம் பேசினேன். மறுக்கவில்லை. "வாய்ப்பேச்சா வேண்டாம் டீச்சர், எழுத்துல கொடுங்க" என்றார். சரியான பதில். 1994ல் நாங்கள் செய்யாதது அதுதான். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கிழமை, எத்தனை பிள்ளைகள், கூட வரும் ஆசிரியர் யார், உடைந்தால் யார் பொறுப்பு என்பது வரை. கடைசி விஷயத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

பள்ளி நிர்வாகத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ இருக்கும் என் மாணவர்கள், உங்கள் ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் பூட்டியிருக்கிறது என்று மட்டும் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். பள்ளியின் பெயர் வெளியே போகாது. செய்முறைத் தேர்வு பிப்ரவரி வாக்கில் வந்துவிடும். அந்தப் பெண் தினமும் சாயங்காலம் "லெட்டர் வந்துச்சா மிஸ்?" என்று கேட்கிறாள்.