சிறு வெடிப்பும் பெருங் கணிதமும்

உருக்கு வலியது, ஆயினும் அதன் வலிமையை ஒரு மயிரிழை வெடிப்புக் கெடுத்துவிடும். நீள்வட்டத் துளையின் முனையில் தகைப்பு மிகுவதை 1913இல் இங்கிலிஸ் என்பார் கணித்துக் காட்டினார். இழுப்புக்குக் குறுக்கே கிடக்கும் துளையின் நீளம் அகலத்தின் 10 மடங்காயின், முனைத் தகைப்பு 21 மடங்காகும். கண்ணாடியை ஆராய்ந்த கிரிபித் என்பார், வெடிப்பு வளர்வதற்கு வேண்டிய சத்திக் கணக்கை 1921இல் வகுத்தார்.

மேற்பரப்பை அடுத்த வெடிப்போ தனி இயல்பினது. தண்டவாளத்தின்மீது சக்கரம் உருளுந்தோறும் அது சரிவாக உட்புகுகின்றது. மழைநீரும் அதனுட் சென்று அதன் வளர்ச்சிக்குத் துணைசெய்கின்றது. பின் மேல்நோக்கித் திரும்பின் ஒரு செதில் பெயரும். கீழ்நோக்கித் திரும்பின் தண்டவாளமே முறியும். இதனைத் தாளிற் கணித்தல் அரிதாகலின், பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணினியால் விடை காணும் எண்முறை கையாளப்படுகின்றது. வெடிப்பு நகருந்தோறும் கூறுகளை மீளப் பகுக்கும் இடரை, 1999இல் அமெரிக்காவிற் பெலிச்கோவும் அவர்தம் துணைவரும் வகுத்த புதுமுறை பெரிதுங் குறைத்தது.

இக்கருவியை நாம் போற்றுகின்றோம், வழிபட மாட்டோம். தொடக்க வெடிப்பின் ஆழமும், அதன் முகங்களிடையே உள்ள உராய்வும் மனிதர் கொடுக்கும் எண்களே. அவை பிழைப்பின் விடையும் பிழைக்கும். திரையில் எழும் வண்ணப்படமோ அழகு குன்றாது நிற்கும்.

விடை மெய்யாயினும் அதுமட்டும் போதாது. 2000ஆம் ஆண்டு ஒற்றோபர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் ஹற்பீல்டுக்கு அண்மையில், வெடிப்புகள் மலிந்த தண்டவாளம் நொறுங்கிப் புகைவண்டி தடம்புரண்டது, நால்வர் மாண்டனர். அத்தண்டவாளம் மாற்றப்படவேண்டியது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. மாற்றும்வரை வண்டியின் வேகத்தையேனும் குறைத்தாரில்லை. அறிவு இருந்தும் செயல் பிந்தியதற்கு நான்கு உயிர்கள் விலையாயின.

ஆதலின், கணிதத்தையும் பட்டறையையும் வேறு வேறாகப் பயிற்றல் தகாதென்பதே எம் துணிபு. கரும்பலகையிற் சமன்பாட்டைத் தீர்க்கும் மாணவன், உடைந்த இரும்பின் முகத்தையும் உருப்பெருக்கியாற் பார்த்துப் பழகுதல் வேண்டும். பொறியியற்றுறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள், தாம் கழித்த அச்சுக்களையும் பற்சில்லுகளையும் நம் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாராயின், இவ்விழாவுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.