நகலெடுத்த பின்னரே நீக்குவோம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கட்சாலில் உயிர்களையும் வீடுகளையும் பறித்தது. வீடுகளோடு ஆவணங்களும் போயின. இன்று கணக்கு அறிக்கையும் வைப்புநிதி ரசீதும் மின்னஞ்சலில் வருவதால் கவலையில்லை என எண்ணிவிடுகிறோம். ஆனால் 'பாப்' முறையில் இறக்கிய அஞ்சல்கள் பெரும்பாலும் சர்வரில் தங்குவதில்லை. நம் கணினியில் மட்டுமே இருக்கும். அவை அழிந்தால், 2020-இல் அருகிலுள்ள கமோர்ட்டா வரை வந்த கடலடிக் கேபிளும் மீட்டுத் தராது.

ஆகவே அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ நீக்கி மீண்டும் நிறுவுமுன், அந்த மென்பொருளை மூடிவிட்டு, முன்னதன் பி.எஸ்.டி. கோப்பையும் பின்னதன் புரொஃபைல் கோப்புறையையும் பென்டிரைவில் நகலெடுப்போம். நகல் திறக்கிறதா எனச் சரிபார்த்து, கடவுச்சொல்லிட்டு, வேறோர் இடத்தில் வைப்போம். இச்சிறு வேலையை முடிக்காமல் எதையும் நீக்கலாகாது என்பதே நம் கருத்து.