அட்டையின்றி லோரி ஏறாதீர்!

தோட்டத் தோழர்களே!

இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். நம்மவர் பாடுபட்ட மண்ணில் இன்று மாடிகள் நிற்கின்றன. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் கட்டட வேலை தேடி நம் பிள்ளைகள் போகிறார்கள். போகட்டும்! ஆனால் எப்படிப் போகிறார்கள் என்று கேட்கிறோம்.

கண்டிராக்டர் கைகாட்டிய லோரியில் ஏறுகிறார்கள். சாரத்திலிருந்து விழுந்தால், "இவன் என் ஆளே இல்லை" என்று அவன் கையை விரிக்கிறான். கங்காணியின் வாய்ச்சொல்லை நம்பிக் கப்பலேறிய பாட்டன்மார் பட்டது போதாதா?

1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டப்படி கட்டுமானத் தொழிலாளி சி.ஐ.டி.பி.யில் பதிந்திருக்க வேண்டும். ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி முடித்துப் பச்சை அட்டை வாங்குங்கள். அதோடு நிற்காமல், கொத்துவேலையோ மின்சார வேலையோ கற்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறுங்கள். தொழில் கற்றவனைக் கண்டிராக்டர் தேடி வருவான். கல்லாதவன் கண்டிராக்டரைத் தேடி அலைவான்.

சேர்ந்த அன்றே சேமநிதி, சொக்சோ இரண்டையும் கேளுங்கள். 1951இல் வந்த சேமநிதியும் 1969ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சொக்சோவும் நம் உரிமை. எவனும் போடும் பிச்சையல்ல!

கிராணிமார்களே! மனு எழுதத் தெரியாத தோழனுக்கு உங்கள் பேனா உதவட்டும். அட்டை கைக்கு வந்த பிறகே நம் பிள்ளை லோரியில் ஏறட்டும்!