கேபிள் நீளம்: யார் கணக்கு?

ஓ.எம்.ஆர்.ல ஏசி ரூமில் உட்கார்ந்து கோட் அடிக்கிறவனுக்கு கேபிளைப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். தப்பில்லை. ஆனா என் பொழப்பே ஃபேக்டரி மெஷின்களைக் கம்ப்யூட்டரோட பேச வைக்கிறதுதான். "நெட்வொர்க் விட்டு விட்டு வருது"ன்னு சைட்டிலிருந்து போன் வந்தா முதல் திட்டு சாஃப்ட்வேருக்கு, ரெண்டாவது எலக்ட்ரீஷியனுக்கு. டிராயிங்கை யாரும் எடுத்துப் பாக்கறதே இல்லை.

ப்ரொஃபிபஸ் டிபியை எடுத்துக்குங்க. ஊதா கலர் கேபிள், உள்ளே ரெண்டே கம்பி. நிறைய ஃபேக்டரியில் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இதுல வேகமும் நீளமும் தராசுத் தட்டு மாதிரி. நொடிக்கு 93.75 கிலோபிட் வேகத்தில் ஒரு செக்மென்ட் 1200 மீட்டர் போகலாம். 500 கிலோபிட்னா 400 மீட்டர். 1.5 மெகாபிட்னா 200. 12 மெகாபிட்னா வெறும் 100.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. டிராயிங்கில் அளந்தா 130 மீட்டர். ஆஹா, 1.5 மெகாபிட் தாராளம்னு தோணும். ஆனா கேபிள் ட்ரே 5 மீட்டர் உயரத்துல இருக்கு, வரிசையா 8 பேனல். ஒவ்வொண்ணுக்கும் இறங்கி ஏற 10 மீட்டர். கன்ட்ரோல் ரூமில் ஏறுறதையும் கடைசி பேனலில் ஏறாம நிக்கறதையும் சரிக்கட்டினா மொத்தம் 80. ஆக 210 மீட்டர்! மேலேயிருந்து பாத்து வரைஞ்ச படத்துல இந்த 80 கண்ணுக்கே தெரியாது.

இதுல கொடுமை என்னன்னா, அது உடனே செத்துப்போகாது. டெஸ்டிங்ல நல்லா ஓடும். பக்கத்துல பெரிய மோட்டார் டிரைவ் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஒரு ஸ்டேஷன் காணாமப் போகும். ஷட்டவுன் ராத்திரியில் ஏணி போட்டு மறுபடி கேபிள் இழுக்கறது யாரு? தினக்கூலிக்கு வந்த ஹெல்பர் பையன்தான்.

கடலோரம்னா இன்னொரு தலைவலி. நம்ம நாவலூரிலிருந்து கோவளம் வழியா தெற்கே போனா நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்க 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் ஆலை, 2024-ல் 15 கோடி லிட்டருக்கு இன்னொண்ணு. இந்த மாதிரி இடங்களில் உப்புக் காத்து கனெக்டரைத் தின்னுடும். அதனால நடுவுல எத்தனை இணைப்பு, எந்தப் பெட்டிக்குள்ளங்கறதும் திட்டத்துல வரணும்.

என் கட்சி இதுதான். வேகத்தை செட் பண்றவன் ப்ரோக்ராமர். நீளத்தை முடிவு பண்றவர் டிராயிங் போடறவர். ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சந்திக்கறதே இல்லை! கேபிள் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கிட்டு, டேப்போட அந்த வழியை ஒரு தடவை நடந்துடுங்க. ஏத்தம் இறக்கத்தை எழுதுங்க. பவர் கேபிளை விட்டு ஒரு சாணாவது தள்ளி வழி பாருங்க. 200 தாண்டினா ரிப்பீட்டர் போடுங்க, இல்ல வேகத்தை 500-க்குக் குறைங்க. டேங்க் லெவல் பாக்கறதுக்கெல்லாம் அது போதும் சாமி.

அரை நாள் நடைதான். ஏணி ஏறுற அந்தப் பையனுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சம்.