பாதாளச் சாக்கடையும் பாண்டியன் பிரம்படியும்

வைகையில் உடைப்பெடுத்த காலத்தில் சிவபெருமானே வந்திக் கிழவிக்குக் கூலியாளாக வந்து, பிட்டு வாங்கித் தின்று மண் சுமந்தாரென்றும், சரியாக வேலை செய்யவில்லை என்று பாண்டியன் அவரைப் பிரம்பால் அடிக்க, அந்த அடி அரசன் உள்பட எல்லார் முதுகிலும் பட்டதென்றும் ஒரு கதை மதுரையில் வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. வருஷந்தோறும் ஆவணி மாதத்தில் அதற்கு ஒரு திருவிழாவும் நடக்கின்றது. இந்தக் கதையில் நமக்கு நம்பிக்கை இல்லை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம்புகின்றவர்களை ஒரு கேள்வி கேட்க ஆசைப்படுகின்றோம்.

2022ம் வருஷம் ஏப்ரல் 21ந் தேதி இரவு, மதுரைப் பழங்காநத்தம் நேரு நகரில், கார்ப்பரேஷன் கழிவுநீரை இறைக்கும் நிலையத்தின் கிணற்றில் மோட்டார் வேலை பார்த்த கண்டிராக்ட் தொழிலாளர் மூன்று பேர் விஷவாயுவால் மாண்டார்கள். ஒருவர் உள்ளே விழ, அவரைக் காப்பாற்றப் போனவர்களும் அவரோடு போனார்கள். கூலியாள் மேல் விழுந்த இந்த அடி யார் முதுகில் பட்டது? இஞ்சினியர் முதுகிலா? கண்டிராக்டர் முதுகிலா? அல்லது மறுநாள் காலையில் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட நம்முடைய முதுகிலா? இறந்தவர்களின் பெண்டு பிள்ளைகள் முதுகில் பட்டதே தவிர வேறு யார் முதுகிலும் ஒரு தழும்பையும் நாம் காணோம்.

அதே மாதத்தில், அதற்குச் சில நாளைக்கு முந்திதான் அழகர் ஆற்றில் இறங்கினார். அவர் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படுகின்றது. போலீசும் அதிகாரிகளும் இராத் தூக்கம் கெட்டு நிற்கின்றார்கள். ஒரு சிலை ஆற்றில் இறங்குவதற்கு இத்தனை ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊருக்கு, உயிருள்ள ஒரு மனிதன் குழியண்டை போய்த் திரும்பி வருவதற்கு ஏற்பாடு செய்யத் தெரியவில்லை என்றால் அதை யார் ஒப்புவார்கள்?

நிற்க, இப்படிச் சாகிறவர்களைப் பற்றி "விதி முடிந்தது" என்று சொல்லிவிடுகின்றார்கள். விதியுமல்ல, முனி அடித்ததுமல்ல. காற்றோட்டமில்லாத இடத்தில் மலமும் கழிவும் தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு உண்டாகின்றது. அது காற்றைவிடக் கனமானதாகையால் குழியின் அடியில் தங்கி நிற்கும். கொஞ்சமாயிருந்தால் அழுகின முட்டை நாற்றமடிக்கும். அதிகமானாலோ மூக்கின் உணர்ச்சியையே கொன்றுவிடும். "நாற்றமில்லையே" என்று நம்பி இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் சாய்ந்துவிடுவான். இதை அளந்து பார்க்கக் கையடக்கமான கருவி இருக்கின்றது. உள்ளே காற்றடிக்க இயந்திரம் இருக்கின்றது. இவ்வளவும் இருக்கும்போது ஒருவன் செத்தால் அதற்கு விதி என்று பெயரிடுவது, பொறுப்பாளிகளைத் தப்பவிடுகிற தந்திரமே ஒழிய வேறல்ல.

இஞ்சினியர்களால் ஆகாத காரியம் என்றாவது சொல்ல முடியுமா? மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை, 1887ல் வேலை தொடங்கி, பென்னிக்குயிக் என்னும் இஞ்சினியரின் தலைமையில் அணை கட்டி, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து, 1895ல் வைகைக்குத் திருப்பிவிட்டார்கள். மேலூர்ப் பக்கத்து வயல்கள் விளைந்தது அந்தத் தண்ணீரால்தான். எந்த வருண ஜெபத்தாலும் அல்ல. மலையைக் குடைய 19ம் நூற்றாண்டிலேயே வழி கண்ட சாஸ்திரத்துக்கு, 21ம் நூற்றாண்டில் ஒரு கிணற்றிலிருந்து மோட்டாரை வெளியே எடுக்க வழி தெரியாதா? கிணற்றுக்குள் இரண்டு கம்பிகளை நிறுத்தி, அவற்றின் வழியே சங்கிலி போட்டு, மேலே நின்றபடியே மோட்டாரைத் தூக்கவும் இறக்கவும் செய்கிற முறை உலகமெங்கும் இருக்கின்றது. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் மேன்ஹோலில் இறங்கி அடைப்பெடுக்கும் இயந்திரத்தையே செய்து 2018ல் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

பின் ஏன் மனிதனை அனுப்புகின்றார்கள்? இயந்திரத்தைவிட மனிதன் மலிவாய்க் கிடைக்கின்றான் என்பதால்தான். அவன் ஏன் மலிவாய்க் கிடைக்கின்றான்? இந்த வேலைக்கென்றே ஒரு ஜாதியை நம் முன்னோர் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனதால்தான். சாக்கடை, மலக்குழி வேலைக்காரர்களைப் பற்றி மத்திய சர்க்கார் எடுத்து 2024ல் வெளிவந்த கணக்கிலேயே, நூற்றுக்குச் சுமார் 92 பேர் தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர், பிற்பட்டவர் என்றும், தாழ்த்தப்பட்டவர் மாத்திரமே மூன்றில் இரண்டு பங்குக்கு மேலென்றும் இருக்கின்றது. பூமிக்கு மேலே ஜாதி ஒழிந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் பூமிக்குக் கீழே எட்டிப் பார்க்கட்டும்!

சட்டம் இல்லாமலில்லை. 1993லும் 2013லும் சட்டம் செய்தார்கள். பாதுகாப்பில்லாமல் ஒருவனைச் சாக்கடையில் இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறையென்று 2013ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014ல் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, 2023ல் அதை முப்பது லட்சமாக்கிற்று. பணம் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் பிணத்துக்குப் பணம் கொடுப்பது கஜானாவின் வேலை. பிணம் விழாமல் செய்வதல்லவா இஞ்சினியரிங் இலாகாவின் வேலை? "சுத்தம் செய்ய அல்ல, மோட்டார் வேலைக்குத்தான் ஆளை வைத்தோம்" என்று சமாதானம் சொல்லவும் கூடும். விஷவாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எல்லா இறைப்பு நிலையங்களிலும் ஆள் இறங்காமலே மோட்டாரைத் தூக்கும் வசதி செய்யப்பட வேண்டும். வாயுவை அளந்து, பொறுப்புள்ள இஞ்சினியர் கையெழுத்திட்டு, அவரும் அங்கேயே நின்றாலொழிய எந்த மூடியும் திறக்கப்படக்கூடாது. கண்டிராக்டர் மேல் பழியைப் போட்டு இலாகா ஒதுங்கிக்கொள்ள இடம் தரக்கூடாது. ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசுகின்ற ஆபீசுகள், மற்ற நாட்களில் அந்த இயந்திரங்களைக் குழிக்குள் இறக்கினால் போதும்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமங்களிலும் இப்பொழுது வீட்டுக்கு வீடு மலக்குழித் தொட்டி வந்துவிட்டது. அது நிறைந்தால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். இருநூறு முன்னூறு மிச்சமென்று ஓர் ஆளைக் கூப்பிட்டு இறக்காதீர்கள். இறக்கிவிட்டு ஜாதி ஒழிப்பைப் பற்றி நம் கூட்டத்துக்கு வந்து கை தட்டுவதைவிட, வராமலிருப்பதே யோக்கியம்.

ஒருவன் மேல் விழுந்த அடி எல்லார் முதுகிலும் படுவது புராணத்தில்தான் நடக்கும். ஊரில் நடக்க வேண்டுமானால், பட்டவனுக்காக மற்றவர்கள் வாய் திறந்து கேட்டால்தான் உண்டு.